தாயின் சத்தும் தாய்ப்பாலின் சத்தும்

கர்ப்பிணிப் பெண்களுக்கு வழங்கப்படும் சத்து மாத்திரைகளைப் பற்றி நம் குடும்பங்களில் இருவேறு எண்ணங்கள் நிலவுகின்றன. மாத்திரை உண்டால் சிசு பெருத்துப் பிரசவம் கடினமாகும் என்று அஞ்சி, அரசு மருத்துவமனையில் கொடுத்த அட்டையைப் பிரிக்காமலே அலமாரியில் வைத்துவிடுவோர் ஒரு சாரார். விலையுயர்ந்த மாத்திரைகளையும் பொடிகளையும் எவ்வளவு கூடுதலாக உண்கிறார்களோ அவ்வளவுக்குப் பாலும் சத்தும் பெருகும் என்று நம்பிக் கடன் வாங்கியாவது அவற்றை வாங்குவோர் மற்றொரு சாரார். எதிரெதிராகத் தோன்றும் இவ்விரு போக்குகளுக்கும் அடியில் இருப்பது ஒரே வினாவே: கருவுற்ற காலத்தில் தாய் உட்கொள்ளும் சத்து, பின்னர் அவள் சுரக்கும் பாலில் எந்த அளவுக்குச் சேர்கிறது? கடந்த அறுபது ஆண்டுகளில் இவ்வினாவுக்குத் தெளிவான விடைகள் கிடைத்துள்ளன. அவற்றை நம் மரபின் பின்னணியில் வைத்து விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஃபிக்ஹு நூல்களில் ஒரு வினா

இதற்கு நெருங்கிய வினா ஒன்றை நம் சட்ட அறிஞர்கள் வேறொரு கோணத்திலிருந்து எழுப்பியுள்ளனர். தலாக் விடப்பட்ட பெண் கருவுற்றிருப்பின், அவள் பிரசவிக்கும்வரை அவளுக்குச் செலவு செய்ய வேண்டும் என்பது திருக்குர்ஆனின் 65ஆவது அத்தியாயம் விதிக்கும் கட்டளை. அச்செலவு யாருக்குரியது? வயிற்றிலுள்ள சிசுவுக்காகத் தரப்படுவதா, அல்லது கருவுற்றிருக்கும் காரணத்தால் அப்பெண்ணுக்கே உரிய உரிமையா? ஷாஃபிஈ மத்ஹபில் இரு கூற்றுகளும் உண்டு. இமாம் நவவீ (ரஹ்) தமது 'மின்ஹாஜுத் தாலிபீன்' நூலில், அது அவளுக்கே உரியது என்பதையே வலுவான கூற்றாக முற்படுத்துகிறார்கள்.

மேலோட்டமாகப் பார்ப்பவர்க்கு இது வழக்கு மன்றத்துக்கு மட்டும் பயன்படும் நுணுக்கமாகத் தோன்றலாம். ஆனால் இன்றைய ஊட்டச்சத்து இயலின் மையமான கேள்வியும் இதுவே. மாத்திரையாகவோ உணவாகவோ தரும் சத்து தாயிடம் தங்குகிறதா, குழந்தையைச் சென்றடைகிறதா? சத்துக்குச் சத்து இதன் விடை மாறுபடுகிறது என்பதை வாசகர்கள் கீழே காண்பார்கள்.

அனுபவமே சான்று

தாய்ப்பாலின் தன்மை குறித்த ஐயங்களை எவ்வாறு தீர்ப்பது என்பதற்கு நபிமொழியிலேயே ஒரு வழிகாட்டல் உண்டு. பாலூட்டும் மனைவியுடன் கூடினால் பால் கெட்டுக் குழந்தைக்குத் தீங்கு நேரும் என்று அரபிகள் அஞ்சினர். 'கீலா' என்று அதற்குப் பெயர். அதனைத் தடுத்துவிட நபி (ஸல்) அவர்கள் எண்ணியிருந்தார்கள். ஆனால் ரோமரும் பாரசீகரும் அவ்வாறு செய்தும் அவர்களுடைய குழந்தைகளுக்குத் தீங்கு ஏற்படவில்லை என்பதைக் கருத்திற்கொண்டு அத்தடையை விதிக்கவில்லை. ஜுதாமா பின்த் வஹ்ப் (ரலி) அறிவிக்கும் இச்செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. ஊர்வழக்கின் அச்சத்தைவிட, பிற சமூகங்களில் கண்கூடாகக் கண்ட அனுபவத்துக்கு இங்கே முதலிடம் கொடுக்கப்பட்டுள்ளது.

இவ்வழியிலேயே நம் மருத்துவர்களும் சென்றனர். ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டில் எகிப்தில் வாழ்ந்த அஹ்மத் இப்னு முஹம்மத் அல்பலதீ, கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் பேணும் முறை பற்றித் தனி நூலே எழுதினார். இப்னு ஸீனா தமது 'அல்கானூன்' நூலில் குழந்தைக்குத் தாயின் பாலே மிகச் சிறந்தது என்றுரைத்து, ஒரு துளியை நகத்தின்மேல் விட்டு அது ஓடுகிறதா நிற்கிறதா என்று பார்த்துப் பாலின் அடர்த்தியை அறியும் முறையையும் விளக்குகிறார். நகத்தில் விட்ட அத்துளியினுள் என்னென்ன உள்ளன என்பதை அளந்து காட்டும் கருவிகள் இன்று வந்துவிட்டன. அவை காட்டிய உண்மை, பாலிலுள்ள சத்துகள் இரு வகைப்படும் என்பதாகும்.

தாய் தன்னைக் கொடுத்துக் காக்கும் சத்துகள்

முதல் வகையில் இரும்பு, சுண்ணாம்பு, துத்தநாகம், ஃபோலேட் ஆகியன அடங்கும். பாலில் இவற்றின் அளவு, தாய் அன்றாடம் உண்பதைப் பெரும்பாலும் சார்ந்திருப்பதில்லை. தாய் குறைவாக உண்டாலும் அவளுடைய உடல் தன் சேமிப்பிலிருந்து எடுத்துப் பாலின் அளவைக் காக்கிறது. அவள் மிகுதியாக உண்டாலும் பாலில் அது கூடுவதில்லை.

இரும்பை முதலில் எடுத்துக்கொள்வோம். ஒரு லிட்டர் தாய்ப்பாலில் அரை மில்லிகிராமுக்கும் குறைவான இரும்பே உள்ளது. தாய்க்கு இரத்தச்சோகை இருந்தாலும் இல்லாவிட்டாலும் இவ்வளவில் பெரிய மாற்றம் நிகழ்வதில்லை. அப்படியானால் கர்ப்பிணிக்கு இரும்பு மாத்திரை எதற்கு? இங்கேதான் பலர் இடறுகின்றனர். குழந்தை முதல் ஆறு மாதங்களுக்குச் செலவிடும் இரும்பின் பெரும்பகுதியைக் கருப்பையின் கடைசி மூன்று மாதங்களிலேயே தன் உடலில் சேர்த்துக்கொண்டு பிறக்கிறது. அதாவது, இச்சத்து கொப்பூழ்க்கொடியின் வழியே வந்து சேர வேண்டியது. பிறந்தபின் பாலின் வழியே ஈடுசெய்ய இயலாதது. தாயிடம் கடுமையான இரத்தச்சோகை இருந்தாலோ குறைமாதத்தில் பிறந்தாலோ குழந்தையின் சேமிப்பு சுருங்கிவிடுகிறது. பிரசவத்தில் ஏற்படும் இரத்தப்போக்கைத் தாங்கும் வலிமை தாய்க்கும் இருப்பதில்லை. 2019-21இல் நடைபெற்ற தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவின் கர்ப்பிணிகளில் 52.2 விழுக்காட்டினர் இரத்தச்சோகை உடையவர்கள். 2018இல் தொடங்கிய 'இரத்தச்சோகையற்ற இந்தியா' திட்டம், நான்காம் மாதம் முதல் 180 நாட்கள் நாளொன்றுக்கு 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் கொண்ட மாத்திரையைப் பரிந்துரைக்கிறது. பிரசவத்துக்குப் பின்னும் 180 நாட்கள் அதனைத் தொடரச் சொல்வது பாலுக்காக அன்று. இழந்ததைத் தாய் மீட்டெடுப்பதற்காகவே ஆகும்.

சுண்ணாம்புச் சத்தின் கதை இன்னும் வியப்புக்குரியது. பாலூட்டும் தாய் நாள்தோறும் ஏறத்தாழ 200 மில்லிகிராம் சுண்ணாம்பைப் பாலில் வெளியேற்றுகிறாள். இதன் ஒரு பகுதி அவளுடைய எலும்புகளிலிருந்து கரைந்து வருகிறது. பாலூட்டும் மாதங்களில் எலும்பின் அடர்த்தி சில விழுக்காடு குறைந்து, பால்குடி மறக்கடித்தபின் மீண்டும் நிரம்புகிறது. தாய் தளர்ச்சிக்குமேல் தளர்ச்சியுற்றுப் பிள்ளையைச் சுமக்கிறாள் என்னும் கருத்தை 31ஆவது அத்தியாயத்தில் ஓதும்போது, எலும்பு வரை செல்லும் இத்தளர்ச்சியையும் நாம் எண்ணிப்பார்க்கலாம்.

மேற்கு ஆப்பிரிக்காவில் முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் காம்பியா நாட்டில் கெனெபா என்றொரு சிற்றூர் இருக்கிறது. பிரிட்டிஷ் மருத்துவ ஆய்வுக் குழுவினர் அங்கே நிலையம் அமைத்துப் பல பத்தாண்டுகளாகத் தாய்-சேய் ஊட்டத்தை ஆராய்ந்து வருகின்றனர். அங்குள்ள பெண்களின் உணவில் சுண்ணாம்பு மிகக் குறைவு. கர்ப்பத்தின் பிற்பாதியில் அவர்களுள் ஒரு சாராருக்கு நாளொன்றுக்கு 1500 மில்லிகிராம் கால்சியம் கொடுத்துப் பார்த்தனர். 2006இல் வெளியான முடிவின்படி பாலின் சுண்ணாம்பு அளவிலும் குழந்தையின் வளர்ச்சியிலும் எவ்வித மாற்றமும் காணப்படவில்லை. 2010இல் வெளியான தொடராய்வு இன்னும் எதிர்பாராத ஒன்றைக் காட்டியது: கால்சியம் பெற்ற தாய்மார்களின் எலும்பே பாலூட்டும் காலத்தில் கூடுதலாகத் தேய்ந்திருந்தது. குறைந்த உணவுக்குப் பழகிய உடல் தனக்கென ஓர் ஒழுங்கை அமைத்துக்கொள்வதும், அவ்வொழுங்கு வெளியிலிருந்து குலையக்கூடும் என்பதும் இதிலிருந்து ஊகிக்கப்படுகின்றன.

இதைக் கேட்டுக் கால்சியம் மாத்திரையை எறிந்துவிடுதல் கூடாது. சுண்ணாம்பு குறைந்த உணவை உண்போரிடையே, கர்ப்பகாலத்தில் இரத்த அழுத்தம் உயர்ந்து வலிப்பில் முடியும் ஆபத்தை அது குறைக்கிறது. நம் நாட்டில் நாளொன்றுக்கு இருவேளை 500 மில்லிகிராம் வீதம் அது வழங்கப்படுவதற்குரிய முதன்மைக் காரணமும் இதுவே. பயன் உண்டு, ஆனால் அது பாலின் வழி வரும் பயன் அன்று.

தாய் உண்டால்தான் பாலில் சேரும் சத்துகள்

இரண்டாம் வகை இதற்கு நேர்மாறானது. பி12, பி1, வைட்டமின் ஏ, வைட்டமின் டி, அயோடின், மீனெண்ணெயிலுள்ள நல்ல கொழுப்பு ஆகியன தாயிடம் குறைந்தால் பாலிலும் குறைகின்றன. அவளுக்குக் கிடைத்தால் பாலிலும் கூடுகின்றன. மாத்திரையும் உணவும் குழந்தையை நேரடியாகச் சென்றடைவது இவ்வகையில்தான்.

இவ்வுண்மை வெளிப்பட்ட இடங்களுள் ஒன்று நம் தமிழகத்தின் வேலூர் ஆகும். தாய்ப்பாலை மட்டுமே பருகிவந்த குழந்தைகள் சிலர் சோம்பி, கற்ற அசைவுகளையும் மறந்து, கைகால் நடுங்கி, தோல் கருமை படிந்து, இரத்தச்சோகையுற்று மருத்துவமனைக்கு வந்தனர். தாய்மார்களின் பாலில் பி12 மிகக் குறைந்திருந்ததே காரணம் என்று கண்டறிந்து அங்குள்ள மருத்துவர்கள் 1962இல் 'லான்செட்' இதழில் எழுதினர். பி12 கொடுத்ததும் குழந்தைகள் தேறினர். அரை நூற்றாண்டுக்குப் பின், 2014இல், பெங்களூரில் நடந்த ஆய்வின் முடிவு வெளியாயிற்று. கர்ப்பகாலம் தொட்டுப் பிரசவத்துக்குப் பின் ஆறு வாரங்கள் வரை நாள்தோறும் 50 மைக்ரோகிராம் பி12 உட்கொண்ட தாய்மார்களின் பாலிலும், அவர்களுடைய குழந்தைகளின் இரத்தத்திலும் அச்சத்து கூடியிருந்தது. வங்காளதேசத்தில் 250 மைக்ரோகிராம் அளவில் நடந்த ஆய்வும் இதனையே உறுதிசெய்தது.

பி12 தாவர உணவில் இல்லை. இறைச்சி, மீன், முட்டை, பால் ஆகியவற்றில் உண்டு. நாம் புலால் உண்ணும் சமுதாயம், ஆதலால் நமக்குக் கவலையில்லை என்று கருதுவது சரியன்று. ஒரு வீட்டில் இறைச்சி சமைக்கப்படுவது வேறு, கர்ப்பிணியின் தட்டுக்கு அது வந்து சேர்வது வேறு. ஆண்களும் பிள்ளைகளும் உண்டபின் எஞ்சிய குழம்பைச் சோற்றில் ஊற்றிக்கொள்ளும் மருமகள்கள் நம் வீடுகளில் இல்லையென்று எவரும் கூற மாட்டார்.

பி1 குறைந்தால் விளையும் தீங்கு இன்னும் விரைவானது. தீட்டிய வெள்ளரிசியையே நம்பி வாழும் தாயின் பாலை அருந்தும் குழந்தை, இரண்டு மூன்று மாதங்களில் இதயம் செயலிழந்து, சில மணி நேரத்திலேயே இறந்துபோகக்கூடும். பெரிபெரி எனப்படும் இந்நோய் பழங்கதையாகிவிட்டது என்று எண்ணியிருந்த வேளையில், அண்மை ஆண்டுகளில் காஷ்மீரத்து மருத்துவர்கள் இதனை மீண்டும் பதிவு செய்துள்ளனர். பிரசவித்த பெண்ணுக்குப் பத்தியம் என்று கூறி வெள்ளரிசியையும் மிகச் சில பண்டங்களையும் மட்டுமே கொடுத்து வரும் வழக்கம் அதற்கு அடிப்படையாயிருந்தது. உமியோடு வேகவைத்து எடுக்கும் நம் புழுங்கலரிசியில் பி1 பெருமளவு தங்கிவிடுகிறது. பிரியாணிக்கும் நெய்ச்சோற்றுக்கும் பச்சரிசி இருக்கட்டும். பிள்ளை பெற்றவளின் அன்றாடச் சோறு புழுங்கலரிசியாயிருப்பதும், காய்கறி, பருப்பு, மீன் ஆகியவற்றைப் பத்தியத்தின் பெயரால் விலக்காமலிருப்பதும் குழந்தையின் உயிர்க்காப்பு என்று கூறினால் மிகையாகாது.

வைட்டமின் டி நம் பெண்களைச் சிறப்பாகத் தொடுவது. தாய்ப்பாலில் இது இயல்பாகவே சொற்பம். ஒரு லிட்டரில் 80 யூனிட்டைத் தாண்டுவது அரிது. குழந்தைக்கோ நாளொன்றுக்கு 400 யூனிட் தேவை. தாய்க்கு நாள்தோறும் 6400 யூனிட் கொடுத்தால், குழந்தைக்கு நேரடியாக 400 யூனிட் கொடுப்பதற்கு இணையான பயன் பாலின் வழியே கிடைக்கிறது என்று 2015இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று காட்டியது. இவ்வளவு உயர்ந்த அளவை மருத்துவரின் மேற்பார்வையின்றி எவரும் தாமாக உட்கொள்ளலாகாது. குழந்தைக்குச் சொட்டு மருந்தாகக் கொடுப்பதே எளிய வழி. இக்குறைக்குப் பர்தாவைக் காரணமாகச் சுட்டுவோர் உளர். பர்தா அணியாத இந்தியரிடையிலும் இக்குறை பரவலாகக் காணப்படுவதால், வெயில் படாத வாழ்க்கைமுறையே அடிப்படை என்று கொள்ளலாம். காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களின் பழைய வீடுகளில் பெண்கள் மறைவாக வெயில் காய முற்றம் இருந்தது. அடுக்குமாடிக் குடியிருப்புகளில் முற்றம் போயிற்று. அதற்கு ஈடாக எதையும் நாம் அமைக்கவில்லை.

அயோடினைப் பொறுத்தவரை கர்ப்பிணிக்கும் பாலூட்டுபவளுக்கும் நாளொன்றுக்கு 250 மைக்ரோகிராம் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். குழந்தையின் மூளை வளர்ச்சி இதனைச் சார்ந்தது. அயோடின் கலந்த உப்பே இதற்குப் போதுமான வழி. மீனெண்ணெய்க் கொழுப்புக்கு மத்தி, நெத்திலி போன்ற சிறு மீன்கள் போதும். பால் சுரக்கும் என்று பால்சுறாவைப் புட்டு செய்து கொடுப்பது நம் கடற்கரை ஊர்களின் வழக்கம். பிற மீன்களைத் தின்று வளரும் சுறாவின் உடலில் பாதரசம் சேர்ந்துவிடுவதால், இக்காலத்தில் அதனை அடிக்கடி கொடுப்பது நன்றன்று.

மிகையும் தீங்கே

சத்து நல்லதெனில் மிகுதி இன்னும் நல்லதென்பது பிழையான கியாஸ். கருவுற்ற முதல் மாதங்களில் நாளொன்றுக்கு 10,000 யூனிட்டுக்கு மேல் வைட்டமின் ஏ மாத்திரை உட்கொண்டால் சிசுவின் உறுப்புகள் பழுதுபடக்கூடும். பிரசவித்த பெண்ணுக்கு ஒரே தவணையில் பேரளவு வைட்டமின் ஏ கொடுக்கும் முறையையும் 2011 முதல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பதில்லை.

வைட்டமின் ஏ மிகுதியாக அமைந்திருப்பது பிரசவித்தவுடன் சுரக்கும் சீம்பாலில்தான். அதன் மஞ்சள் நிறத்துக்குக் காரணமும் அச்சத்தின் மூலப்பொருளே. இதனைக் கெட்ட பால் என்று பீய்ச்சிக் கொட்டிவிட்டுச் சர்க்கரைத் தண்ணீர் புகட்டுவோர் இன்றும் உள்ளனர். 'லிபஃ' எனப்படும் இச்சீம்பாலைப் புகட்டுவது தாயின்மீது கடமை என்று ஷாஃபிஈ நூல்கள் வரையறுத்துள்ளதை நம் மாணவர்கள் ஓதித்தான் வருகின்றனர். 'தஹ்னீக்' சுன்னத்து மென்ற பேரீச்சம்பழத்தைச் சிறிது அண்ணத்தில் தடவுவதோடு நிறைவேறிவிடுகிறது; சீம்பாலுக்கு அது மாற்றாகாது. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தேன் கொடுப்பதை, நச்சுக் கிருமி வித்துகளின் அபாயம் கருதித் தவிர்க்க வேண்டும்.

இரும்பு மாத்திரையைத் தேநீருடனோ காப்பியுடனோ விழுங்கினால் அதன் பயன் பெரிதும் குறைந்துவிடும். கால்சியம் மாத்திரையையும் அதனுடன் சேர்த்து உண்ணலாகாது. வேறு வேளையில் உண்ண வேண்டும். மீனெண்ணெய் போன்றவற்றின் உறை எந்த விலங்கின் ஜெலட்டின் என்னும் ஐயம் எழுந்தால், உறையற்ற மாத்திரையையோ தாவர உறையையோ மருத்துவரிடம் கேட்டுப் பெறலாம். இவ்வையத்தைக் காட்டி எல்லா மாத்திரைகளையும் நிறுத்திவிடுவது பேணுதல் ஆகாது.

நோன்பும் பாலும்

பாலூட்டுபவள் நோன்பு நோற்றால் பால் வற்றுமா? கெனெபாவில் ரமளானில் நோன்பு நோற்ற தாய்மார்களை ஆராய்ந்த முடிவுகள் 1980களில் வெளியாயின. பகலில் உடல்நீர் குறைந்தபோதும் பாலின் மொத்த அளவு குறையவில்லை. இரவில் மிகுதியாக நீர் அருந்தி அவர்கள் ஈடுசெய்துகொண்டனர். பாலின் உப்புகளிலும் சர்க்கரையிலும் சிறு மாற்றங்கள் மட்டுமே தென்பட்டன. துருக்கியில் 21 தாய்மார்களிடம் நடத்தி 2006இல் வெளியிடப்பட்ட ஆய்வு, பாலின் கொழுப்பும் புரதமும் மாறவில்லை என்றும், துத்தநாகம், மக்னீசியம், பொட்டாசியம் ஆகியன குறைந்தன என்றும் தெரிவித்தது. கர்ப்பத்தின் இறுதி மாதங்களில் நோன்பு நோற்ற கெனெபாப் பெண்களின் இரத்தத்திலோ சர்க்கரை குறைந்து, நீண்ட பட்டினியின் அறிகுறிகள் விரைவிலேயே தோன்றின.

ஆக, நலமாயிருக்கும் தாய் நோன்பு நோற்றால் பால் உடனே வற்றிவிடும் என்பதற்குச் சான்றில்லை. ஆயினும் பாலின் அளவு காக்கப்படுவது தாயின் உடலை ஈடுவைத்துத்தான். கர்ப்பிணிக்கும் பாலூட்டுபவளுக்கும் நோன்பில் சலுகை உண்டு என்பது நபிமொழியால் உறுதியானது. விடுபட்டதைப் பின்னர் நோற்றால் போதும் என்பது ஹனஃபீ மத்ஹபு. குழந்தைக்காக மட்டும் அஞ்சி விட்டிருந்தால் களாவுடன் ஃபித்யாவும் உண்டு என்பது ஷாஃபிஈ மத்ஹபு. அச்சத்தின் அளவை அறியும் வழிகளுள் நம்பத்தகுந்த மருத்துவரின் கூற்றும் ஒன்று. சலுகையைப் பயன்படுத்தும் பெண்ணை ஈமான் குறைந்தவளாக நோக்கும் பார்வை எந்த மத்ஹபிலும் இல்லை.

கெனெபா தரும் பாடம்

கெனெபாவில் பாலூட்டும் தாய்மார்களுக்கு மிகுதியான உணவு கொடுத்து ஆராய்ந்தபோது பால் பெருகவில்லை என்று 1983இல் வெளியான முடிவுகள் தெரிவித்தன. பின்னர் அச்சுற்றுவட்டாரத்தின் 28 கிராமங்களில், கர்ப்பிணிகளுக்கு நாள்தோறும் வேர்க்கடலை, அரிசிமாவு, எண்ணெய், சர்க்கரை ஆகியவற்றால் செய்த ரொட்டிகளைக் கொடுத்துப் பார்த்தனர். 1997இல் வெளியான முடிவின்படி, பிறந்த குழந்தைகளின் எடை சராசரியாக 136 கிராம் கூடியது. தானியம் தீர்ந்துபோகும் பசிக்காலத்தில் 201 கிராம் கூடியது. இறந்து பிறப்பதும் குறைந்தது. விலையுயர்ந்த மாத்திரை எதுவும் அங்கே இல்லை. வேர்க்கடலையும் அரிசிமாவுமே அவ்வேலையைச் செய்தன. சிசு பெருத்துப் பிரசவம் கடினமாகும் என்னும் அச்சத்தால் கர்ப்பிணியின் உணவைக் குறைப்போர் இதனைச் சிந்திக்க வேண்டும்.

இரு வகைச் சத்துகளையும் ஒருங்கே நோக்கினால் ஓர் உண்மை புலனாகிறது. இரண்டாம் வகைச் சத்தைத் தாய்க்குக் கொடுக்கும்போது குழந்தைக்கும் கொடுத்தவராகிறோம். முதல் வகையில் அவளுக்குக் கொடுக்காவிட்டாலும் பால் பெரிதும் குறைவதில்லை, குழந்தை வளர்ந்துவிடும், அவளுடைய இரத்தமும் எலும்பும்தான் குறையும். பாலை மட்டும் அளந்து பார்ப்பவரின் கண்ணுக்கு அக்குறை தெரியாது. குழந்தைக்குப் பால் போதுமானதாக இருக்கிறதே, இவளுக்கு எதற்குத் தனியாகச் செலவு என்று கேட்கும் குடும்பம் காணத் தவறுவது இதைத்தான்.

பாலூட்டும் தாயின் உணவையும் உடையையும் தந்தையின் பொறுப்பாக 2ஆவது அத்தியாயத்தின் 233ஆவது வசனம் வைத்துள்ளது. அச்செலவைக் குழந்தையின் பாலுக்குரிய விலையாக மட்டும் கருதுவோர்க்கு, இமாம் நவவீ (ரஹ்) முற்படுத்திய அக்கூற்றை நினைவூட்ட விரும்புகிறோம்: கருவுற்றவளுக்குரிய செலவு அவளுக்கே உரியது. பாலில் தெரியாத சத்தும் அவளுடைய உரிமையே. புழுங்கலரிசிச் சோறு, ஒரு முட்டை, கைப்பிடி மத்தி, கீரை, அட்டையிலிருந்து நாளொன்றுக்கு ஒரு மாத்திரை என்று அவ்வுரிமையை நிறைவேற்றப் பெருஞ்செல்வம் தேவையில்லை. குடும்பத்தார் உண்ண அமரும்போது அவளையும் உடன் அமரச் செய்வதிலிருந்து அதனைத் தொடங்கலாம்.